பிழை எண் 412

ஜீவன்பீமா நகர், மூன்றாம் மாடி,
மழை விட்டும் விடாத நான்கு மணி.
நிகத் எழுதியிருக்கிறாள்:
"நாய்க்கு பிஸ்கட் போட்டேன்.
வீட்டுக்குள் போய் வந்தேன்.
நாய்க்கு மறுபடி பசி.
என்னை அடையாளமும் தெரியவில்லை."

ஏன் என்று எனக்குத் தெரியும்.
எங்கள் ஆட்டத்தின் தபால்காரி
ஒரு வாசற்படி தாண்டியதும்
பின்னாலிருக்கும் தெருவைக் கலைத்துவிடுகிறேன்,
விளக்குக்கம்பம், சாக்கடை மூடி, நாய், எல்லாம்.
போனில் அவ்வளவுதான் இடம்.
அவள் திரும்பினால் புதிதாய் ஒரு தெரு,
பிறந்து ஒரு நொடியே ஆன நாய்,
பொறுக்கிய நாணயம் பழைய இடத்திலேயே.
ஒரே மதியத்தில் அந்த ஒரு நாணயத்தை வைத்து
எண்ணூறு ரூபாய் சேர்த்துவிட்டாள் நிகத்.

அதனால் எழுதி வைக்கத் தொடங்கினேன்.
காட்சி மாறினாலும் கலையாத ஒரு பொருள்,
அதன் வயிற்றுக்குள் ஒரு பட்டியல்.
கதவு: திறந்தது.
நாணயம்: எடுத்தாயிற்று.
பூந்தொட்டி: உடைந்தது, மூன்று துண்டு.
ஆளுக்கொரு எண் கொடுத்தேன், பெயரை நம்ப முடியாது,
அந்தத் தெருவில் 'கதவு' என்றால்
ஒன்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.
நாய்: தின்றது.

அங்கே கை நின்றது.
தின்றது சரி, எதுவரைக்கும்?
தபால்காரி உள்ளே இரண்டு நாள்
காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தாலும்
வாயோரம் அதே தூளோடு
தூக்கிய காலை இறக்காமல் நிற்குமா?

"நிற்கட்டும்," என்றான் ஹேரம்ப்.
"விட்ட இடத்தில் இருந்தால் போதும்.
திங்கட்கிழமை டெமோ."

கம்மனஹள்ளி போய்ச் சேர எட்டேகால்.
அறை ஒன்று, கட்டில் ஒன்று, வாடகையில் பாதி.
மீதிப் பாதி லால்ரின்புயி.
நர்ஸ், ராத்திரி ஷிஃப்ட்.
ஏழு மாதத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறோம்,
நான்கும் படிக்கட்டில்,
நான்கிலும் அவளுக்கு அவசரம்.

காலையில் கவிழ்த்துவிட்டுப் போன டம்ளர்
நிமிர்ந்திருக்கிறது, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்.
சீப்பில் என்னுடையதல்லாத நீள முடி.
சொட்டும் குழாயில் ஒரு நூல் கட்டியிருக்கிறாள்,
தண்ணீர் சத்தம் போடாமல்
அதைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டுக்குள் இறங்குகிறது.
போர்வையின் உள்மடிப்பில் இன்னும் கொஞ்சம் சூடு.
எதுவும் நான் விட்ட இடத்தில் இல்லை.
ஆனாலும் பூட்டைத் திறந்துவிட்டு
தப்பான வீடோ என்று ஒருநாளும் நின்றதில்லை.

பதினொன்றரைக்கு எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன்.
பட்டியலில் இன்னும் ஒரே ஒரு வரி:
கிளம்பிய நேரம்.
திரும்பும்போது கழித்துப் பார்.
பத்து நிமிடமென்றால் நாய் படுத்திருக்கட்டும்.
ஒரு மணியென்றால் பேக்கரி வாசலுக்கு நகர்ந்திருக்கட்டும்.
இரண்டு நாளென்றால் பசிக்கட்டும்,
தெரிந்தவரிடம் காட்டுகிற பசியாக.
பூந்தொட்டித் துண்டுகளை யாராவது பெருக்கியிருக்கட்டும்.
யார் என்று எழுதவில்லை.

இன்று மதியம் நிகத்திடமிருந்து:
"412 சரி.
ஆனால் ஒன்று.
திரை இன்னும் கறுப்பாக இருக்கும்போதே
தரையில் வால் தட்டும் சத்தம் கேட்கிறது.
தபால்காரி வர இன்னும் அரை நொடி இருக்கிறது.
புதுப் பிழையாகப் பதியவா?"

இதற்கும் காரணம் தெரியும்.
நாயை எழுப்புவது முன்னால்,
திரையை விலக்குவது பின்னால்.
இரண்டு வரிகளை இடம் மாற்றினால் முடிந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு
வீட்டுக்குள் போனேன்.
வெளியே வந்தேன்.
மறுபடி உள்ளே.
மறுபடி வெளியே.