எடைக்கற்களும் வெங்காயமும்

ஃபுனாஃபூட்டிக்கு வாரத்தில் சில நாள்தான் விமானம்,
அதுவும் காற்று சம்மதித்தால்.
சூவா அலுவலக நாட்காட்டியில் ஒரு வியாழனை
வட்டமிட்டு வைத்தேன்,
பென்சிலால்.

கடைத் தராசுகளைச் சரிபார்க்கப் போகிறேன்.
ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கு, வெல்வெட் பெட்டியில்.
வெறுங்கையால் தொடக்கூடாது,
வியர்வைக்கும் எடை உண்டு.
விமானத்தில் அனுமதி இருபது கிலோ.
கற்கள் ஏறும்.
நான்தான் மாற்றுடை இல்லாமல் ஏற வேண்டும்.

பெனிதாலாவின் பதில் வந்தது.
விடுதியும் அவருடையது, பக்கத்துக் கடையும் அவருடையது.
"அறை இருக்கிறது, வசீத்தி அம்மா.
மின்விசிறிக்கு ஒரே வேகம்.
சில்லறையாகப் பணம் கொண்டு வாருங்கள்.
சங்கு ஊதினால் ஓடுதளத்தை விட்டு விலகிவிடுங்கள்,
நாய்களே விலகிவிடும்."

அடியில் வேறொரு கையெழுத்து. மகள் லோசா:
"முடிந்தால் மூன்று கிலோ வெங்காயம்.
கப்பல் இன்னும் வரவில்லை. அப்பா கேட்கக் கூச்சப்படுகிறார்.
எங்கள் தராசு இருபது கிராம் கூடக் காட்டும்.
எங்களுக்குத் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும்.
ஒரு பிடி மேலே போட்டுத்தான் கட்டுகிறோம்."

அந்தப் பிடி யாருடைய பிடி,
லோசாவுடையதா, பெனிதாலாவுடையதா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு இரவு யோசித்துவிட்டு எழுதினேன்:
ஒரு லிட்டர் தண்ணீர் எங்கேயும் ஒரு கிலோதான்.
சட்டப்படி செல்லாது, கணக்குப்படி செல்லும்.
ஐந்து லிட்டர் கிடைக்குமா?

"தொட்டியில் மழைநீர் அடிமட்டத்தில் கிடக்கிறது.
தருகிறோம்.
நிறுத்து முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள்,
உலை வைக்க."

ஒரு கல்லை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
காலியான வெல்வெட் பள்ளத்தில் கொள்ளும்வரை
வெங்காயத்தை அடுக்கினேன்,
மீதியைக் காலுறைகளுக்குள்.
மூடி மூட மறுத்தது. மேலே உட்கார்ந்தேன்.

வியாழன் காலை நௌசோரியில்
பலகையில் எழுதிப் போட்டார்கள்: இன்று இல்லை.
செவ்வாயும் இல்லை.

வட்டத்தை அழித்து அழித்து
நாட்காட்டித் தாள் மெலிந்துவிட்டது.
நேற்று பெட்டியைத் திறந்தேன்.
மூன்று கற்கள் அப்படியே.
நான்காவது பள்ளத்தில்
பச்சையாக ஒரு விரல் நீளம் முளை.

கையுறை போடாமலே
அதைத் தொட்டுப் பார்த்தேன்.