வெள்ளி

பகாவ் பாசார் மாலாமில்
கங்கோங் கீரைக்கும் அப்பம் பாலிக் வண்டிக்கும் நடுவே
ரிவர்ஸ் எடுத்தபோது
சிமெண்டுத் தூண் ஒன்று
மைவியின் வலது பின்கதவை உரசியது.
சத்தம் பெரிதில்லை,
தேங்காய் துருவுவதுபோல் ஒரு தரம்.

பூபாலன் ஜொகூரிலிருந்து வருவது
வெள்ளி இரவு.
காடியின் நிறம் வெள்ளி.
ஆ கியோங் ஹார்ட்வேரில் அந்த டப்பா
இருபத்திரண்டு வெள்ளி.
மூன்றையும் கூட்டிப் பார்த்தேன்.
கணக்கு வந்துவிடும் போலத்தான் இருந்தது.

"சாம்பல் கலந்த வெள்ளி" என்றேன்.
ஆ கியோங்கிடம் அப்படிப் பதினொன்று இருந்தது.
"கதவத் திற, ஓரத்துல நம்பர் இருக்கும்."

வியாழன் எம்சி எடுத்தேன்.
ஆலை எடைப்பாலத்தில் என் நாற்காலியில்
புனிதவதி.
லோரி லோரியாகக் குலை வரும் நாள்;
என்னைத் திட்ட அவளுக்கு நேரம் கிடைத்திருக்காது.

சோப்பு நீர். தின்னர் துணி.
தண்ணீரில் ஊறிய இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள்,
சளி பிடித்த குழந்தையின் மூக்கைத் துடைக்கும் பதத்தில்.
தேய்க்கத் தேய்க்கக் கீறல் வளர்ந்தது.
விரலளவு காயத்துக்கு
உள்ளங்கையளவு இடம் போனது.

டப்பாவைக் குலுக்கினேன், உள்ளே கோலி ஒன்று டக்டக்கென்று.
பக்கத்து வீட்டு கக் நோரிசா
சுவருக்கு மேல் தலை நீட்டி
"ஹூஜான்" என்று வானத்தைக் காட்டிவிட்டு
தன் துணிகளை எடுக்கப் போனாள்.
மழை வரவில்லை.

முதல் பூச்சு, கிட்டப் பிடித்துவிட்டேன்.
கறுத்தது.
துகள்கள் மூழ்கினால் நிறம் இருட்டிவிடும் என்பது
துடைத்த பிறகுதான் தெரிந்தது.
அடுத்தது ஒரு முழம் தள்ளி,
விழுந்ததா என்று சந்தேகம் வரும்படி.
பத்து நிமிடம். மறுபடி.
பத்து நிமிடம்.

மூன்று மணிக்கு ஆலை புகை விட்டது.
செம்பனை நாரின் கரி ஒன்று
அவசரமில்லாமல் இறங்கி வந்து
ஈர லேக்கரில் உட்கார்ந்தது.
இந்த ஊரில் துணி காயப்போட்ட எவருக்கும் அதைத் தெரியும்.
ஊசி முனையால் எடுத்தேன்.
எடுத்த இடத்தில் கடுகளவு பள்ளம்.
விட்டுவிட்டேன்.

வெள்ளி மாலை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து
எட்ட நின்று பார்த்தேன்.
நேரே நின்றால் ஒன்றுமில்லை.
பக்கவாட்டில்
ஒரு மேகம்.
நம்பர் சரி, நிறம் சரி.
உள்ளிருக்கும் பொடித் தகடுகள்தான்
கல்யாண வீட்டுக் கூடத்தில் தூங்குகிறவர்கள் மாதிரி
திசைக்கொன்றாகப் படுத்துக் கிடந்தன.

அதே சாய்வு வெயிலில்
காடியை ஒரு சுற்று வந்தேன்.
ஓட்டுநர் கதவு, பம்பர்.
இடது முன் மட்கார்டில்
ஒரு சாண் அகலத்துக்கு
இன்னொரு மேகம்.

நான் போட்டதில்லை.
ஓரம் மழுங்கத் தேய்த்திருந்தது, என்னைவிடப் பொறுமையாக.
லேக்கருக்கு அடியில் ஒரு கரித்துகள்.
எடுக்காமல் விட்டிருந்தார்.
அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று
ரொம்பினில் நான் தங்கிய வாரமா?
அதற்கும் முன்பா?

ஒன்பதரைக்கு பஸ்.
"காடி கழுவுனியா?"
"ம்."

பெட்ரோல் நிலையத்தில் குழாயை மாட்டிவிட்டு
முன்பக்கம் நடந்தார்,
மட்கார்டில் இடுப்பைச் சாய்த்து நின்றார்.
நானும் இறங்கி
என் கதவில் முதுகை வைத்துக்கொண்டேன்.
வெள்ளை விளக்குகள் தலைக்கு மேல் ரீங்கரித்தன.
முப்பது வெள்ளிக்குச் சொல்லியிருந்தது.
இருபத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.