எழுபதுக்கு முன் பதினெட்டு

அரசரடி ரயில்வே காலனியில்
காருக்கு நல்ல இடம் கிடையாது.
வாதாமரத்தடியில் நிறுத்தினால் காக்காய்,
தள்ளி நிறுத்தினால் வெயில்.
தம்பி வெளியூர் மாறிப் போகையில்
மலிவாய்த் தள்ளிவிட்டுப் போன வெள்ளைக் கார்.
ஏழு மாதமாய்
சந்தைக்கும் சர்ச்சுக்கும் மட்டும் போய் வருகிறது.

"பாஸ் கையில இருக்க, பெட்ரோல் எதுக்கு?"
இது அமல்தாஸ்.
சிக்னல் பிரிவில் இருபத்தொரு வருஷம்.
திருச்சிக்கு ரயில் இருக்கிறது,
தஞ்சாவூருக்கு இருக்கிறது, புதுக்கோட்டைக்கும் இருக்கிறது என்றார்.
கொல்லிமலைக்கு எந்த பிளாட்பாரம் என்றேன்.
மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தவர்
பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ராத்திரி
ஆபீஸ் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
உட்கார்ந்துவிட்டார்.
அரசரடி, புறப்பாடு 05.10.
மாட்டுத்தாவணி 05.35, நிற்காது.
மேலூர் 06.05, டீ, நான்கு நிமிஷம்.
திருமயம் கோட்டை 07.30.
"கோட்டையைத் திறக்கவே ஒன்பது ஆகும்ப்பா"
என்றாள் டெல்பின்.
ரப்பரால் அழித்தார்.
ஒரு கோட்டையால்
தஞ்சாவூர் வரைக்கும் எல்லாம் லேட்டானது.

சித்தன்னவாசலில் தாமரைக்குளம் பார்க்க
எத்தனை நிமிஷம் போடுவது?
சுவரில் இருக்கிற குளத்துக்கு
இருபது போதும் என்றார்.
டெல்பினுக்குப் பெரிய கோயில் ராத்திரியில் வேண்டும், விளக்கோடு.
ரோஷனுக்கு ஆகாயகங்கை.
அருவிக்கு ஆயிரம் படி இறங்கணுமாம்,
எங்கேயோ கேட்டுவிட்டு வந்து
குவார்ட்டர்ஸ் மாடிப்படியில்
சாயங்காலமெல்லாம் தடதடவென்று ஓடுகிறான்.
கீழ்வீட்டு ரெஜினாக்கா இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொல்லவும் கூச்சம்.
கொல்லிமலை ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு.
எனக்கு அதுதான் வேண்டும்.

தாளில் எல்லாக் கட்டமும் இருந்தது.
ஓட்டுவது யார் என்று மட்டும் கட்டம் இல்லை.
"ஒரு டிரைவரைப் பார்க்கலாம்" என்றார், தாளைப் பார்த்து.
அவருக்கு சைக்கிளும் டிவிஎஸ்ஸும்தான் தெரியும்.
மூன்றாவது முயற்சியில் எச் போட்டு
லைசென்ஸ் வாங்கினவள் நான்.
ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும்
சிறுமலை போகலாம் என்றேன்.
பதினெட்டு வளைவு. ஒத்திகை.

பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டினாலே
ரோஷனுக்கு வயிற்றைப் புரட்டும்.
எலுமிச்சம்பழம், ஈரத்துண்டு, ஜவுளிக்கடைக் கவர்
எல்லாம் அவன் மடியில் கொடுத்திருந்தோம்.
நாலாவது வளைவில் இரண்டாம் கியர்.
ஆறாவதில் வாழைத்தார் லாரி ஒன்று
மேலிருந்து மூக்கை நீட்டியது.
ஏறுகிறவர்களுக்குத்தான் வழி என்று
எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.
இரண்டு தரம் என்னைப் பார்த்தான்.
பிறகு பின்னால் எடுத்தான்.

ஏழாவது வளைவில்
"கவரைக் குடுறா" என்று ஒரு குரல்.
முன்சீட்டிலிருந்து.

தண்டவாளத்தோடு வாழ்ந்த மனுஷன்.
அது திரும்புகிறது என்று
உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லாமலே திரும்பும்.
ரோஷன் துண்டை நனைத்து நனைத்துக் கொடுத்தான்,
முகத்தில் அப்படி ஒரு பெருமை.
பதினொன்று. பதினான்கு.
மிளகுக்கொடி வாசனை, எலுமிச்சை வாசனை, இன்னொரு வாசனை.
எனக்குத் தோள்பட்டை வலித்தது,
சிரிப்பும் வந்தது.
சிரிக்கவில்லை.

மேலே, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.
கீழே திண்டுக்கல் கோட்டைப் பாறை,
யாரோ உருட்டிவைத்துத் தின்ன மறந்த
களி மாதிரி.
அந்தப் பக்கம் புழுவாய் ஒரு ரயில்.
வாட்சைத் திருப்பிப் பார்த்து
"பன்னெண்டு நிமிஷம் லேட்டு" என்றார்.
அவர் அன்றைக்கு வாய்திறந்து பேசிய
முதல் முழு வாக்கியம்.

வீடு வந்து குளித்துவிட்டுத்தான்
தாளை எடுத்தார்.
வலது ஓரத்தில் புதுசாய் ஒரு கோடு.
ஐந்து நாளுக்கும் மேலிருந்து கீழ் வரை
ஜெசிந்தா, ஜெசிந்தா, ஜெசிந்தா.
கொல்லிமலை அடிவாரம், புறப்பாடு என்ற இடத்தில்
நேரத்தை அழித்துவிட்டு
'சிக்னல் கிடைத்ததும்' என்று எழுதியிருந்தார்.

தாளின் அடியில், பொடி எழுத்தில்:
எலுமிச்சம்பழம் 12.
கவர் 4 (எனக்கு).