கண்ணி அளவு

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள்.
போட்டு கரையில், நான் வீட்டில்,
ஜெர்லினுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை.

விடைத்தாளில் விழுந்திருக்கிறது ஒன்று.
வட்டத்துக்கும் நாணுக்கும் நடுவே அது நடக்க
ரப்பரை எடுத்து மூடியிருக்கிறாள்.
பின் பெஞ்சுக்காரி பார்த்துவிட்டாள்.
அதற்கப்புறம் ஐந்து மார்க் கணக்கை
எழுதவே இல்லையாம்.

அவள் அம்மா தூத்துக்குடியில் இறால் உரிக்கிறாள்,
மூன்று மாத ஒப்பந்தம், போன மாதம் போனவள்.
மண்டபத்தில் மற்ற எல்லோரிடமும் வைத்தியம் இருந்தது.
மண்ணெண்ணெய் என்றாள் எதிர்வீட்டு லூர்தம்மா.
வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மழித்துவிடு என்றான்
என் மச்சான், சிரித்துக்கொண்டே.
இவள் பின்னலை இரண்டு கையாலும் பிடித்தபடி
கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மெடிக்கலில் நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு பாட்டில்.
பத்து நிமிடம் ஊறவிட்டு அலசவும் என்று போட்டிருந்தது.
எந்தத் தண்ணீரில் என்று போடவில்லை.
எங்கள் பம்புத் தண்ணீரில் நுரை வராது, திரிந்துபோகும்.
குடிக்க வாங்கிய தண்ணீர்
நான்கு குடம் அந்த ஒரு தலைக்கே போயிற்று.
அன்றைய சோற்றுக்கு நான் உப்புப் போடவில்லை.

வயசுக்கு வந்தபின் அவள் தலையை நான் தொட்டதில்லை.
இரண்டு வருஷம்.
அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.
எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.
ஈரம் சொட்டும் முடி, என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை.
கொஞ்சம் பிரித்து, மிச்சத்துக்குக் கிளிப் போட்டு,
மடியில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டேன்.

சிக்கெடுப்பது தெரிந்த வேலைதான்.
பாசி, நண்டுக்கால், கெளுத்தி முள்,
எதையும் நூல் அறாமல் எடுப்பேன்.
ஆனால் கடலில் சட்டம் வேறு:
சின்னது தப்பிப் போகும்படி கண்ணி வை.
இங்கே சின்னதுதான் விடக்கூடாது.
மயிரைப் பிடித்துத் தொங்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும்
இரண்டு நகத்துக்கிடையே நெருக்கி
நுனிவரை உருவ வேண்டும்.

டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது
ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறார்கள்
என்று நினைத்தேன்.
ஈர் பேனாக ஒன்பது நாள் போதுமாம்,
பாட்டில் அட்டையில் அச்சிட்டிருக்கிறது.
பெருமாளைப் பற்றி ஒன்றுமில்லை.

"நோகுதா?"
"ம்ஹும்."
கொஞ்சம் கழித்து,
"நோகுது. பரவால்ல."

வேட்டியில் விழுந்ததை அவளே எண்ணினாள்.
முப்பத்தொன்று வரை சத்தமாக,
பிறகு உதடு மட்டும் அசைந்தது.
தெருவில் யாரோ போனார்கள். எண்ணுவதை நிறுத்தி,
போன பிறகு தொடர்ந்தாள்.

எட்டரைக்கு வீடியோவில் வந்தாள் அவள் அம்மா.
சீனி டப்பாவில் சாய்த்து வைத்தோம்.
"காதுக்குப் பின்னாடி பாருங்க. பிடரியிலயும்.
அங்கதான் குடியிருக்கும்."
பார்த்தேன். குடியிருந்தன.

பேசப் பேச அவள் விரல்
கம்பெனி வலைத்தொப்பிக்குள் போய்ச் சொறிந்தது.
கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.
நான் ஈரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஜெர்லின்தான் கண்டாள்.
"அம்மா, உனக்கும் இருக்கா?"
"ஐஸ்ல நின்னா அப்படித்தான்டி அரிக்கும்."
"தலையிலயா ஐஸு?"
அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள்.
திரையில் எங்கள் முகம் மட்டும் மிஞ்சியது.

சீப்பு அவள் தலையிலேயே நின்றிருந்தது, பாதி வழியில்.
அவள் பாட்டிலை எடுத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.
மூடியை இறுக்கித் திருகினாள்.

"வெள்ளிக்கிழமையோட பரீட்சை முடியுது.
தூத்துக்குடிக்கு முதல் பஸ்
எத்தனை மணிக்குப்பா?"