பச்சைச் சதுரம்

அன்றைக்கு மதலேன் அக்கா பதினோராவது ஆள்.
இரண்டு லீட்டர் பேதி மருந்து,
முகத்துவாரத்துக் கடலை மொண்டு குடித்ததுபோல் இருந்ததாம்.
ஆமர் வீதியில் எண்பது பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டுகிறவள்
நேற்றிலிருந்து வெறும் கஞ்சித் தெளிவு.
நடுவழியில் இறங்க வேண்டி வந்தால் என்ற பயத்தில்
பஸ்ஸை விட்டுத் திரீவீலர் பிடித்தாளாம்.
வந்ததும் முதலில் அந்தக் காசைத்தான் சொல்லிப் புலம்பினாள்.

உள்ளே போக முன்னம் டெப் கேள்வி கேட்கும்.
மார்ச்சில்தான் எங்கள் யூனிட்டுக்குத் தமிழ் படித்து வந்தது.
செய்தி வாசிக்கிறவளின் குரல்:
“தங்களுக்கு வயிற்றில் எரிச்சல் ஏதேனும் உள்ளதா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.
பிறகு அதையே பார்த்துச் சொன்னாள்:
“எரியாம? நான் நடத்தின கடைத் துண்டை
மச்சாள்ட பெடியனுக்கு எழுதிக் குடுத்திட்டினம்.
பதினாலு வருஷம் புகை குடிச்சவள் நான்.
என்ர வயிறு எரியிற எரிவு
அதுகளைச் சும்மா விடுமோ?”

குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டது.
எங்களில் ஒருவருக்கும் இல்லாத பொறுமை.
பிறகு எழுதியது:
வயிற்றெரிச்சல், பதினான்கு ஆண்டுகள்.
புகைப்பழக்கம், உண்டு.

புகைப்பழக்கத்தை நான் அழித்தேன்.
எரிச்சலை அழிக்க விரல் வரவில்லை.

இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து
முழங்காலை மடக்கி
ஊசி போட்டு, விளக்கைத் தணித்தோம்.
திரையில் அவளுடைய உள் வீதி:
ஈரம், இளஞ்சிவப்பு, மடிப்புக்குப் பின்னால் மடிப்பு.
காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறார் டொக்டர் அத்தநாயக்க.
ஒரு நீர்க்குமிழிக்குப் பச்சைச் சதுரம் போட்டது மெஷின்.
பிறகு ஒரு கொய்யா விதைக்கு.
“மேகட்ட பிஸ்ஸு” என்றார்.
பைத்தியம்தான் என்று நானும் சிரித்தேன்.
யார் இவளைக் கொய்யா தின்னச் சொன்னது?

குழாய் திரும்பி வந்துகொண்டிருந்தது.
மறுபடியும் சதுரம்.
அவர் கடந்துவிட்டார்.
நானும் காணவில்லை, ஒத்துக்கொள்கிறேன்:
மகளின் டியூஷன் காசு கண்ணில் நின்றது.
சதுரம் மட்டும் மடிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
போகமாட்டேன் என்றது.

அவர் நின்றார். திரும்பிப் போனார்.
தண்ணீர் அடித்தார்.
உளுந்தம்பருப்பு அளவு,
தட்டை, சுவரின் அதே நிறம்.
சுவர் தனக்குள்ளே மறைத்து வைத்த ஒன்று.
அதற்குப் பிறகு அறையில் யாரும் பேசவில்லை.
கம்பி வளையம் சுருக்கிப் பிடித்தது.
போத்தலில் பெயர் எழுதும்போது
என் எழுத்துக் கொஞ்சம் கோணலாக வந்தது.

மயக்கம் தெளிந்ததும் கேட்டாள்:
“அதுதானோ எரிஞ்சது?”

“அது எரியாது அக்கா.
நோகாது, சத்தமும் போடாது.
அதாலதான் பயம்.
முடிவு வர ரெண்டு கிழமையாகும்.”

“அப்ப எரியிறது?”

நான் பிளேன்ரீ ஊற்றினேன்.
இரண்டு பிஸ்கட் வைத்தேன்.
எங்கள் பாஷையில் பாதித் துக்கத்துக்கு
வயிறுதான் விலாசம்.
இதற்குத் தமிழ் படிப்பித்தவர்கள்
அந்த விலாசத்துக்கு ஒரு நாளும்
கடிதம் போட்டிருக்கமாட்டார்கள்.

அறிக்கையில் ஒரு மாத்திரையும் சேர்ந்து வந்திருந்தது,
இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம், எரிச்சலுக்கு.
டொக்டரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.
வாங்கிக்கொண்டாள். மலிவுதான்.

படம் ஒன்று கேட்டாள், கலரில்.
பச்சைச் சதுரத்தோடு அச்சடித்துக் கொடுத்தேன்.
மழை வெளிச்சத்தில் யன்னலோரம் பிடித்துப் பார்த்தாள்,
தலைகீழாக.
நான் திருப்பிக் கொடுத்தேன்.

“இதை மச்சாளிட்டக் காட்டோணும்” என்றாள்.
மடித்து, சில்லறைப் பைக்குள் வைத்தாள்.

பன்னிரண்டாவது ஆள் வந்துவிட்டார்.
டெப்பைத் துடைத்து அவர் முன்னால் பிடித்தேன்.
“வணக்கம்” என்றது.
அவர் திரும்ப
வணக்கம் சொன்னார்.