மற்றவை, குறிப்பிடவும்

படிவம் ஒன்றுக்கு எட்டு ரிங்கிட்.
கேள்விகள் முப்பத்தெட்டு.
செந்தூலில் பதினேழு மாடி, சி பிளாக்.
ஒரு லிஃப்ட் நோன்புப் பெருநாளுக்கு முன்பே படுத்துவிட்டது,
மற்றது இன்று காலை.

என் கழுத்து அட்டையில் ஆய்வின் தலைப்பு தொங்குகிறது:
சமூக நிலைத்தன்மை.
காவல் கொட்டகையில் இருந்த நேப்பாளி
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"கடன் வசூலா?" என்று மலாயில் கேட்டார்.

கேள்வி பதினான்கு:
அண்டை வீட்டாரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்.

பதினோராம் மாடியில் பிரேமலோசனி
வெங்காயக் கத்தியை நிறுத்தி யோசித்தாள்.
"அந்தாண்ட வீட்டு சூங்கா?
கார் நிறுத்துறதுல நாலு வருஷச் சண்டை. ஒன்னு போடு.
இந்தாண்ட வீட்டு ரோஸ்னானி
நடைபாதையைக் கழுவி என் வாசல்ல தள்ளுவா.
ரெண்டு. சரி, பாவம், ரெண்டரை."

அவள் தலைக்குப் பின்னால்
ஒரே ஆணியில் ஆறு சாவிகள்.
யாருடையவை?
"சூங்குக்கு ராத்திரி ஷிஃப்ட்டு, அவன் அம்மா படுத்த படுக்கை.
ரோஸ்னானி பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்தா
கதவத் தொறக்க வேணாமா?
மத்ததெல்லாம் எதுக்குன்னு மறந்துபோச்சு.
நீ எழுது, ரெண்டரை."

அரைக்குக் கட்டம் இல்லை.
இரண்டு என்று எழுதினேன்.

கேள்வி இருபத்திரண்டு:
உங்கள் குடியிருப்பில் உள்ள பொது வசதிகள் எவை?
மண்டபம் என்றார்கள், பூட்டைச் சொல்லவில்லை.
திடல் என்றார்கள். அங்கே
ஊஞ்சல் போய்விட்டது, சங்கிலி மட்டும் ஆடுகிறது.
லிஃப்ட் என்று சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள்.

யாரும் சொல்லாததை ஏறும்போது நான் எண்ணினேன்.
நாலாம் மாடித் திருப்பத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.
ஏழில், ஆணியால் பேர் கீறிய பள்ளிக்கூட நாற்காலி.
பத்தில், யார் கல்யாணத்திலிருந்தோ வந்தது,
முதுகில் ரோஜா நிற நாடா இன்னும் அவிழாமல்.
பதிமூன்றில் நாற்காலி இல்லை, கவிழ்த்த பெயின்ட் வாளி,
மேலே மடித்த சாக்கு.
யார் வைத்தது என்று கேட்டேன்.
எதிர்க் கதவைக் காட்டினார்கள்.
எதிர்க் கதவு கீழ் மாடியைக் காட்டியது.
கீழ் மாடிக்காரர், "இருந்துச்சே, எப்பவும்" என்றார்.

"மற்றவை, குறிப்பிடவும்" என்ற கோட்டில்
நாற்காலி என்று எழுதினேன்,
முப்பத்தொரு படிவங்களில்.

மேற்பார்வையாளர் தொலைபேசியில் மென்மையாகத்தான் கேட்டார்:
"அவர்கள் சொன்னதா, நீ பார்த்ததா?"
பார்த்தது.
"அப்படியென்றால் அடித்துவிடு. அவர்கள் வாயில் நாம் வார்த்தை போடக்கூடாது."
அவர் சொன்னது நியாயம். நான் சம்மதித்தேன்.
முப்பத்தொரு நேர்க்கோடுகள்.
எட்டாவது கோட்டுக்குமேல் அளவுகோல் தேவைப்படவில்லை.

இரவு எட்டு மணி.
விடுபட்ட ஒரு வீடு, பதினாறில்.
பத்தில் மூச்சு தீர்ந்தது.
ரோஜா நாடாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.
எங்கோ மீன் பொரியும் மணம்,
எங்கோ தொலைக்காட்சியில் யாரோ அழுகிறார்கள்.

கீழிருந்து இரும்பு படியில் இடிக்கும் ஓசை.
கேஸ் தோம்பைத் தோளில் சுமந்து
ஒரு மனிதர், சட்டை முழுக்க வியர்வை.
எழுந்துகொண்டேன்.
அவர் தோம்பை நாற்காலியில் உட்கார வைத்தார்,
தான் படியில் உட்கார்ந்தார்.

எத்தனாவது என்றேன், பதினஞ்சு என்றார்.
என் கோப்பைப் பார்த்தார்.
"கேள்வியா? நாளைக்குக் கேளு.
இப்ப இந்தப் பக்கம் பிடி."

கோப்பை நாற்காலியில் வைத்துவிட்டுக் குனிந்தேன்.
கைப்பிடி சூடாக இருந்தது.
அவர் மூன்று வரை எண்ணினார்.