கச்சான் மாதத்து அலகுகள்

மீட்டருக்குத் தெரியாது.
நுரைச்சோலையில் எரிகிற கரியா
இங்கினியாகலையில் விழுகிற தண்ணீரா,
கம்பிக்குள் வந்து கலந்தபின்
ஒரே சக்கரம், ஒரே கிறுகல்.
நானும் கேட்பதில்லை.
முந்தின வாசிப்பு, இன்றைய வாசிப்பு,
கழித்தால் வருவது காசு.

பதினேழு வருடமாக
எழுவான்கரை வீட்டுச் சுவர்களை வாசிக்கிறேன்.
எந்த நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும்,
எவர் வீட்டு மீட்டர் பெட்டிக்குள்
குளவி கூடு வைக்கும்,
எல்லாம் மனப்பாடம்.

களுதாவளையில் மகிழரசனின் வெற்றிலைத் தோட்டம்.
மண்ணெண்ணெய்ப் பம்பைச் சாக்கால் மூடியிருக்கிறான்.
சாக்கின் மேல் ஒரு கோழி அடைகிடக்கிறது.
"அந்த வருசம் கப்பல் வரல்ல,
கொடியெல்லாம் கருகிப் போச்சு மனே."
கொழும்புக் கடலில் காசுக்காகக் காத்து நின்ற கப்பலும்
இந்தக் கிணற்றடி வெற்றிலையும்
ஒரே கொடியில் படர்ந்தவை என்று
அதுவரை அவன் நினைத்ததில்லை.
இப்போது தென்னங்குற்றியின் மேல் இரண்டு தகடு.
வெயில் ஏற ஏறத் தண்ணீர் ஏறுகிறது.
மார்கழி மப்பில் மோட்டார் கண் திறக்காதே என்றேன்.
"மார்கழியில ஆருக்குத் தண்ணி வேணும்?"
கம்பியே போகாத அந்தத் தோட்டத்தில்
எனக்கு வேலையில்லை.
நாலு வெற்றிலை தந்தான்.

ஓந்தாச்சிமடத்தில்
யோகரூபியின் கூரை முழுக்கக் கண்ணாடி.
அவட மீட்டர் பின்பக்கமாக் கிறுகுதாம் என்று
ஊரெல்லாம் கதை.
கிறுகச் சக்கரமே இல்லை, புது மீட்டர்.
வாங்கினது ஓர் எண், விற்றது ஓர் எண்.
விற்றதுதான் பெரிது.
"சபை எனக்குக் காசு தரவேணும், எப்ப தரும்?"
மறுகா வரும் என்றேன்.
ஐந்து மாதமாக அதைத்தான் சொல்கிறேன்.

கண்ணாடிகளுக்குப் பணம் வந்தது கத்தாரிலிருந்து.
அவள் புருசன் சுதேந்திரனுக்கு
எரிவாயு ஆலையில் இரவு வேலை.
பூமியின் வயிற்றைத் துளைத்து எடுத்த சம்பளம்
இங்கே கூரையில் ஏறி
வெயிலைப் பார்த்துப் படுத்திருக்கிறது.
திரையில் அவன் கொட்டாவி விட்டபடி கேட்டான்:
"இண்டைக்கு எத்தனை யுனிட் அண்ணே?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்,
கரண்ட் போயிற்று.

காற்றாடி நின்றது. வைஃபை செத்தது.
கொட்டாவி பாதியில் உறைந்தது.
மேலே உச்சி வெயில் குடம் குடமாய்க் கொட்டுகிறது,
கீழே குளிர்சாதனப் பெட்டி வியர்க்கிறது.
"மேல இவ்வளவு வெயில் கிடக்கு,
எங்கட வீட்டில ஏன் இருட்டு?"
கம்பி செத்தால் கூரையும் கண் மூடவேண்டும்,
தூணில் ஏறி நிற்கிறவன் உயிர் அதில்தான் இருக்கிறது,
சேமிக்கப் பற்றரி வாங்கவில்லை நீங்கள் என்று
எல்லாம் விளக்கினேன்.
"அப்ப இது எங்கட வெயில் இல்லையா?" என்றாள்.
அந்தக் கேள்விக்கு
என் புத்தகத்தில் நிரல் கிடையாது.

கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில் ஏறியபோது
மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் விக்கி நின்றது.
தாங்கியைக் குலுக்கினேன். ஒரு துளிச் சத்தமும் இல்லை.
ஊருக்கெல்லாம் அலகு எண்ணுகிறவன்
தன் பெற்றோலை எண்ணவில்லை.

பாலத்தில் கச்சான் மட்டும் இருந்தது.
வாவிப் பக்கமிருந்து வந்து
சட்டைக்குள் புகுந்து புடைத்து
என்னைக் கடற்பக்கம் தள்ளியது.
இத்தனை காற்றுக்கும் ஒரு மீட்டர் இல்லை,
வாசிக்க ஆளும் இல்லை,
தென்னையைத் தலைவிரி கோலமாக்கிவிட்டுச்
சும்மா போகிறது.

மருதமுனைப் பக்கமிருந்து மீன்பெட்டிச் சைக்கிளில்
ஜுனைதீன் காக்கா வந்தார்.
மணியடித்துச் சிரித்தார்.
"எண்ணெய் முடிஞ்சா?
நான் விடிய அடிச்சது பழஞ்சோறு ஒரு கோப்பை.
நாளைக்கும் கிடைக்கும், வரிசை இல்ல."
நிற்காமல் போனார். பெட்டியிலிருந்து
ஐஸ் உருகிச் சொட்டிய கோடு
தார் வீதியில் கொஞ்ச நேரம் இருந்தது.

அந்த ஐஸ் எந்தக் கரண்டில் உறைந்தது என்று
யோசித்தபடி தள்ளத் தொடங்கினேன்.
நேற்றைய சோறுதான் எனக்குள்ளும் எரிகிறது.
களுவாஞ்சிக்குடிக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர்.
அலுவலகம் நாலரைக்குப் பூட்டும்.